சங்கடப் படலையும் யூ.எஸ்.பி. சாதனமும்

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் அச்சுப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கடைகள் பல உள. அங்குள்ள ஒரே கணினியில் நாள்தோறும் பலருடைய பென்டிரைவ்கள் செருகப்படுகின்றன. மாணவன் தன் ஆய்வுக் கட்டுரையையும், ஓய்வூதியர் தம் விண்ணப்பத்தையும், வெளிநாடு செல்ல முனைவோர் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் கொண்டு செல்கின்றனர். வேலை முடிந்ததும் அதே பென்டிரைவை வீட்டுக்குக் கொணர்ந்து, காணி உறுதியின் படமும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கும் சொந்தக் கணினியிற் செருகுகின்றனர். இச்செய்கையில் உள்ள இடர் யாது, அதனைக் குறைக்கும் வழி யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையின் முதற் பதிப்பு 1996 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய இன்டெல் நிறுவனக் குழுவின் முதன்மையாளருள் ஒருவர், பரோடாவிற் கல்வி கற்ற அஜய் பட் என்பவர். விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு வேறொரு துளை என்றிருந்த நிலையை மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதும் என்று ஆக்கியது பெருஞ் சாதனையே. ஆயினும் அவ்வசதியுடன் ஒரு குறையும் வந்து சேர்ந்தது. செருகப்படும் சாதனம் தான் இன்னது என்பதைத் தானே சொல்கிறது. கணினியும் அதனை அப்படியே நம்புகிறது. “நான் விசைப்பலகை” என்று ஒரு பென்டிரைவ் சொன்னால், அதனை மறுத்துரைக்கக் கணினியிடம் சான்று எதுவும் இல்லை. இதனை 2014 ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்களான கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகியோர் மெய்ப்பித்துக் காட்டினர். பென்டிரைவினுள் இருக்கும் சிறு சில்லின் நிரலை மாற்றிவிட்டால், அது விசைப்பலகையென நடித்துக் கட்டளைகளைத் தானே தட்டெழுதும். வைரசுத் தடுப்பு மென்பொருள் கோவைகளையே சோதிப்பது. சில்லின் நிரலை அது காண்பதில்லை. கோவைகள் அனைத்தையும் அழித்தாலும் அந்நிரல் அழிவதில்லை.

கோவைகளால் வரும் இடரும் சிறிதன்று. 2010 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தை இலக்காகக் கொண்டது. விண்டோஸ் கணினியில் பென்டிரைவின் கோவைப் பட்டியலைத் திறந்து பார்த்த மாத்திரத்தே அது தொற்றியது. ஈரானுக்கு அடுத்தபடியாக இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் அது மிகுதியாகக் காணப்பட்டது.

நிற்க. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப் படலையை நம்மிற் பலர் கண்டிருப்போம். வழிப்போக்கன் கூரையின் கீழ் இளைப்பாறலாம், தண்ணீர் அருந்தலாம், அதற்காக அவனை வீட்டினுள் விட வேண்டியதில்லை. கியூப்ஸ் ஓ.எஸ். என்னும் இயக்கமுறைமை இந்த ஏற்பாட்டையே கணினியிற் செய்கிறது. போலந்து நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவன்னா ருட்கோவ்ஸ்கா தலைமையில் உருவான அதன் முதற் பதிப்பு 2012 இல் வெளியாயிற்று. சென் என்னும் மென்பொருளின் துணையால் அது ஒரு கணினியைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரிக்கிறது. திரையையும் நிருவாகத்தையும் ஆளும் டொம்-0 என்னும் பகுதிக்கு வலையிணைப்பே இல்லை. யூ.எஸ்.பி. துளைகளை ஆளும் கட்டுப்படுத்தி, சிஸ்-யூ.எஸ்.பி. என்னும் தனி இயந்திரத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. தீய சாதனம் எதனைச் செய்தாலும் முதலில் அப்படலையிலேயே செய்யும். மீள இயக்கினாற் பழைய நிலைக்குத் திரும்புமாறு அதனை அமைத்தலும் கூடும்.

இனி, வேண்டியதை உள்ளே எடுக்கும் முறை. கோவை ஒன்றே வேண்டுமாயின், அதனை மட்டும் சிஸ்-யூ.எஸ்.பி.யிலிருந்து வேறோர் இயந்திரத்துக்குப் பிரதி செய்தல் நன்று. அதனையும் ஒரு முறை பயன்பட்டு அழியும் தற்காலிக இயந்திரத்திலேயே திறத்தல் வேண்டும். பென்டிரைவ் முழுவதும் தேவையெனில் அதன் சேமிப்புப் பகுதியை மட்டும் இணைக்கலாம், அப்போது யூ.எஸ்.பி. உரையாடல் படலைக்கு வெளியே வராது. சாதனத்தையே முழுமையாக ஒப்படைப்பது மூன்றாம் வழி. கமரா போன்றவற்றுக்கு அது தவிர்க்கவொண்ணாதது. ஆனால் அவ்வழியிற் சாதனத்தின் இடர் முழுவதும் பெற்றுக்கொள்ளும் இயந்திரத்துக்கே செல்லும். ஆதலின் அதற்கென ஓர் இயந்திரத்தை ஒதுக்குக. கடவுச்சொற்கள் இருக்கும் இயந்திரத்துடன் ஒருபோதும் இணையாதொழிக.

மேசைக் கணினி உடையோர்க்கு ஒரு சிக்கல் உண்டு. அவர்தம் விசைப்பலகையே பெரும்பாலும் யூ.எஸ்.பி. வழியாக இணைவது. அதுவும் சிஸ்-யூ.எஸ்.பி.யின் வழியே வருமாயின், அங்கு புகுந்த தீய நிரல் நாம் தட்டுவதைப் படிக்கவும், டொம்-0 இல் தானே தட்டவும் இயலும். வழிப்போக்கனிடமே வீட்டுத் திறவுகோலைக் கொடுத்தது போலாகும். பழைய வட்டத் துளை விசைப்பலகை கிடைக்குமாயின் அதுவே சாலச் சிறந்தது. பழஞ்சாமான் என்று எறிந்துவிட வேண்டாம். இரண்டு யூ.எஸ்.பி. கட்டுப்படுத்திகள் உள்ள கணினியில், ஒன்றை விசைப்பலகைக்கெனத் தனியே வைத்தலும் ஆகும். கணினி தொடங்கும்போதே எல்லாத் துளைகளையும் டொம்-0 இலிருந்து மறைக்கும் அமைப்பும் உண்டு. ஆயின் யூ.எஸ்.பி. விசைப்பலகை மட்டும் உடையவர் ஆராயாது அதனை இட்டால், வன்தட்டின் மறைச்சொல்லைத் தட்ட வழியின்றித் தம் கணினிக்குத் தாமே அயலாராவர்.

இம்முறைமைக்குக் குறைந்தது 6 கிகாபைட் நினைவகம் வேண்டும். 16 இருத்தல் நலம். பழைய கணினிகளிலும் எல்லார் வீட்டிலும் இதனை நிறுவுதல் இயலாது. யாவர்க்கும் வேண்டியதும் அன்று. அத்தகையோர் மின்னஞ்சலிற் கோவையை ஏற்கும் கடைக்கு அவ்வாறே அனுப்பலாம். பென்டிரைவ்தான் வேண்டுமெனில், கடைக்கென ஒன்றைத் தனியே வாங்கி, அச்சிட வேண்டிய கோவையை மட்டும் அதில் இட்டுக் கொண்டு செல்க. திரும்பி வந்தபின் அதனைக் காணி உறுதி இருக்கும் கணினியிற் செருகவேண்டிய தேவையே இல்லை.