முதுமைக்கு ஒரு ஊன்றுகோல்

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் எத்தனையோ போகம் விளைவித்த பெரியவர், இடம்பெயர்ந்த பின் வெற்றிலைக்கும் பிள்ளையிடம் காசு கேட்கக் கூசுகிறார். 1990இலும், 2007 முதல் 2009 வரையும் மன்னார் மக்கள் ஓடியபோது பலருடைய பத்திரங்களும் தொலைந்தன. உரிமைகள் தொலையவில்லை. அவற்றை அறிவோம்.

1. வயதுச் சான்று: பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பதிவு அகப்படாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

2. கமக்காரர் ஓய்வூதியம்: இது 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வந்தது. தவணைப்பணம் கட்டியவர்கள், பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும், கட்டிய ஆண்டையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கமநல சேவை நிலையத்தில் கொடுத்துப் பதிவைத் தேடுவியுங்கள்.

3. முதியோர் கொடுப்பனவு: வருமானம் குறைந்த, 70 வயது கடந்தவர்களுக்குரியது. 2025இல் மாதம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

4. பராமரிப்பு: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம்.

ஆனால் சட்டம் கஞ்சி காய்ச்சித் தராது. கொடுப்பனவுக் காசை அவர் கையிலேயே கொடுங்கள். விதைநெல் தெரியும்போது அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். தேவைப்படுகிறவராய் இருப்பதும் அவருக்கு மருந்துதான்.

கலந்துரையாட:
- எங்கள் வீட்டு முதியவரின் எந்தப் பத்திரம் இல்லை?
- அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் செல்பவர் யார்? என்றைக்கு?