தராசின் கையும் ஏற்றத்தின் துலாவும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பயிர்களில் மணிலாக்கொட்டை முக்கியமானது. "மல்லாட்டை" என்று நம் ஜனங்கள் வழங்கும் இப்பண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென் ஆற்காட்டிலிருந்து புதுச்சேரி வழியாய்ப் பிரான்சு தேசத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிற்று. விதைத்து, களையெடுத்து, பிடுங்கி, காய் ஆய்ந்து, உலர்த்திய குடியானவரின் உழைப்பெல்லாம் கடைசியில் ஒரு தராசின் முன் தீர்மானமாகிறது. நிறுவையில் நேரும் மோசத்தை விவசாய ராயல் கமிஷனார் தம் 1928-ஆம் வருஷத்து அறிக்கையில் எடுத்துக் கூறி, ஒழுங்கு செய்யப்பட்ட சந்தைகள் வேண்டுமென்றனர். சென்னை இராஜதானியில் 1933-ல் வியாபாரப் பயிர்கள் மார்க்கெட்டுச் சட்டம் ஏற்பட்டது. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் நடைபெறுகின்றன. எனினும் களத்திலேயே சரக்கை நிறுத்துக் கொடுத்துவிடுவோரும் உளர். சட்டம் களத்துமேட்டுக்கு வந்து நிற்காது. ஆனால் பௌதிக சாஸ்திரத்தின் ஒரு சிறு விதியை அறிந்தவர் எவ்விடத்திலும் தம் சரக்கைக் காத்துக்கொள்ளலாம்.

அவ்விதி நமக்குப் புதியதன்று. முன்னாளில் கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்ததை முதியோர் நினைவுகூர்வர். ஒரே ஆள், ஒரே கனம். ஆயினும் தாங்குகாலை விட்டு விலக விலக அவர் பளு அதிகமாய் அழுத்தும், சால் மேலெழும்பும். தாங்குகாலை நோக்கித் திரும்பினால் சால் கீழிறங்கும். ஆகவே, ஒரு கோலை அழுத்தும் வலிமை பளுவை மாத்திரம் பொறுத்ததன்று. பளுவை, அது தாங்கலிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி வரும் தொகையையே பொறுத்தது. இதைக் கணக்காக நிரூபித்தவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஸிஸிலித் தீவில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்கர். நம் பாஷையில் "துலா" என்னும் ஒரே சொல் ஏற்றத்து மரத்துக்கும் தராசுக்கும் வழங்குவதைக் கவனித்தால், இரண்டும் ஒரே வேலையென்பதை நம் முன்னோர் கண்டிருந்தனர் என்றே கொள்ளலாம்.

இனித் தராசுக்கு வருவோம். கோலின் இரு கைகளும் சமநீளமாயிருந்தால் சரக்கும் எடைக்கல்லும் சமமாகும். ஒரு கை 60 சென்டிமீட்டரும் மற்றது 57 சென்டிமீட்டருமாக இருந்து, குடியானவரின் 80 கிலோ பருப்பு மூட்டை குறுகிய கையில் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். 80-ஐ 57-ஆல் பெருக்க 4,560. அதை 60-ஆல் வகுக்க 76. அதாவது 76 கிலோ கல்லுக்கே முள் நேராக நிற்கும். மூட்டைக்கு 4 கிலோ நஷ்டம். பத்து மூட்டைக்கு அரை மூட்டை! கைகளின் வித்தியாசம் அரை சென்டிமீட்டரே ஆயினும் மூட்டைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைய இழப்பு உண்டு.

"வெறுந்தட்டில் முள் நேராக நின்றதே!" என்று சிலர் திருப்தியடைகின்றனர். அது போதாது. குறுகிய கைக்குக் கனமான தட்டும் நீண்ட கைக்கு இலேசான தட்டும் கட்டினால், பொய்த்தராசும் வெறுமையாய் இருக்கையில் நேராகவே நிற்கும். உண்மையறிய ஒரு வழியுண்டு. நிறுத்தபின் சரக்கையும் கற்களையும் தட்டு மாற்றி வைக்கவேண்டும். நல்ல தராசானால் முள் அசையாது. மேற்கண்ட பொய்த்தராசிலோ சரக்குத் தட்டு தாழ்ந்துவிடும்; அதைச் சமன்செய்ய 84 கிலோவுக்கு மேற்பட்ட கல் தேவைப்படும்.

வேறு தராசு கிடைக்காவிடில் அப்பொய்த்தராசைக் கொண்டே மெய்யான எடையைக் காணவும் இயலும். சரக்கை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் மணலைக் கொட்டிச் சமன்செய்க. பின்பு மணலைத் தொடாமல் சரக்கை மாத்திரம் இறக்கி, அது இருந்த அதே தட்டில் எடைக்கற்களை வைத்துச் சமன்செய்க. அக்கற்களே சரக்கின் எடை. சரக்கும் கல்லும் ஒரே கையில், ஒரே தூரத்தில் தொங்கினமையால் கையின் நீளக்குற்றம் இதில் புகாது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரராகிய போர்டாவின் பெயரால் வழங்கும் இம்முறைக்கு வேண்டிய மூலதனம் ஒரு கூடை மணலே!

மின்னணுத் தராசில் கைகள் இல்லை. பளுவால் உள்ளிருக்கும் உலோகக்கட்டை நுண்ணிய அளவில் வளைய, அதில் ஒட்டிய மெல்லிய கம்பிகளில் மின்தடை மாறுகிறது. அம்மாறுதலே எண்ணாகத் தோன்றுகிறது. ஆகவே இங்கே சோதனையும் வேறு. மூட்டையை ஏற்றுமுன் எண் பூஜ்யமாயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூட்டை சுவரிலோ பக்கத்து மூட்டையிலோ சாய்ந்திருந்தால் அதன் பளுவில் ஒரு பங்கைச் சுவர் தாங்கிக்கொள்ளும், எண் குறையும். மூட்டை மேலிருக்கும்போதே முத்திரையுள்ள 5 கிலோ கல்லொன்றை அதன்மீது வைத்தால், எண் சரியாக ஐந்து ஏறவேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் முத்திரையிட்ட 5 கிலோ இரும்புக்கல் ஒன்றைத் தன் அலுவலகத்தில் வைத்திருந்து, அங்கத்தினர் கேட்கும்போது கொடுத்துதவுவது நலம். அதன்மேல் சேறு படியவும் துரு ஏறவும் விடலாகாது. வார்ப்பிரும்புக் கல்லின் குழியில் எடையைச் சரிப்படுத்த ஈயம் அடைத்து, அதன்மேல் முத்திரை பதித்திருப்பர். அந்த ஈயம் கழன்றுபோன கல்லை மறுமுத்திரை பெறும்வரை வெளியே கொடுக்கலாகாது.