வெறுவெளியில் ஒளிந்திருக்கும் ஹைட்ரஜன்

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அண்டத்தில் கோடிக்கணக்கான ஒளியாண்டு அகலத்துக்குக் கேலக்ஸிகளே இல்லாத வெறுவெளிகள் உண்டு என்று வகுப்பில் சொன்னேன். "அங்கே ஒன்றும் இல்லையென்றால் ரேடியோ தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி எதைத் தேடுகிறார்கள், டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கண்ணுக்குத் தெரியாதது ரேடியோவில் மட்டும் எப்படித் தெரியும், அந்த இடம் வானத்தில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: உங்கள் மாணவியின் கேள்வியில் "ஒன்றும் இல்லை" என்ற சொல்லை முதலில் பிடித்துக்கொள்வோம். கேலக்ஸிகளின் வரைபடம் என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் வெளிச்சத்தின் வரைபடம்தான். 1981-ல் ராபர்ட் கிர்ஷ்னரும் அவரது குழுவினரும் பூட்டீஸ் விண்மீன் குழுவின் திசையில் சுமார் 30 கோடி ஒளியாண்டு அகலமான வெறுவெளியைக் கண்டறிந்தார்கள். பிரகாசமான கேலக்ஸிகளின் தூரத்தை அளந்து கண்ட முடிவு அது. பிற்பாடு தேடத் தேட அதற்குள்ளேயே சில பத்துக் கேலக்ஸிகள் அகப்பட்டன. விளக்கு எரியாத வீட்டை ஆளில்லாத வீடு என்று எழுதிவைத்த கதைதான்.

விளக்கு எரியாத வீட்டில் ஆள் இருப்பதை எப்படி அறிவது? இங்கே ஹைட்ரஜன் கைகொடுக்கிறது. ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருந்து, எலக்ட்ரானுடையது தலைகீழாகப் புரண்டால், 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை ஒன்று வெளிவரும். அதன் அலைவெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ். தனித்து விடப்பட்ட ஓர் அணு இப்படிப் புரள சராசரியாக 1 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் ஒரு கேலக்ஸியில் அணுக்களுக்கு எண்ணிக்கையே இல்லை. எந்த நொடியிலும் எங்காவது சில புரண்டுகொண்டே இருக்கும். டச்சு வானியலாளர் வான் டி ஹுல்ஸ்ட் 1944-ல் இதைக் கணித்தார். 1951-ல் ஹார்வர்டில் யூவெனும் பர்செலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கொம்புவடிவ ஆன்டெனாவைப் பொருத்தி அதைக் கேட்டே விட்டார்கள். இந்த அலைக்கு விண்மீன் வெளிச்சம் தேவையில்லை. குளிர்ந்த வாயு இருந்தால் போதும்.

அந்த வாயு மற்ற இடங்களைவிட வெறுவெளியில்தான் பத்திரமாக இருக்கிறது. நெரிசலான கொத்துகளில் கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதும். கொத்தை நிரப்பியிருக்கும் சூடான வாயுவின் ஊடே பாயும்போது சொந்த வாயுவைப் பறிகொடுக்கும். வெறுவெளியில் தொந்தரவு செய்ய அண்டை அயல் கிடையாது. விண்மீன்கள் மெல்ல மெல்லத்தான் பிறக்கின்றன. ஆதிகால ஹைட்ரஜன் செலவாகாமல் கிடக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் நம் நாட்டுத் தொலைநோக்கி தந்தது. புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தைச் சுற்றி 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் கிண்ணத்தின் ஊடே வானம் தெரியும். அது தகடல்ல, எஃகுக் கம்பிவலை. கண்ணிகள் 1 முதல் 2 சென்டிமீட்டர்தான் என்பதால் 21 சென்டிமீட்டர் அலைக்கு அந்த வலையே முழுக் கண்ணாடி. காற்று மட்டும் தடையின்றி உள்ளே போய் வெளியே வந்துவிடும். இதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் அதற்கு முன் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை எழுப்பியவர். (ஊட்டித் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்பது; நான் சொல்லும் வேலைக்கு அது வேறு செவி.)

கோடாட் ஆன்டெனாக்களைக் கொண்டு வானியலாளர்கள் ஜெயராம் செங்கலூரும் ரஷ்யாவின் சைமன் புஸ்டில்னிக்கும் லிங்க்ஸ்-கடக வெறுவெளியை ஆராய்ந்தார்கள். அதன் நடுப்பகுதியில், நம்மிடமிருந்து ஐந்தாறு கோடி ஒளியாண்டு தூரத்தில், மூன்று குட்டிக் கேலக்ஸிகள் அகப்பட்டன. 2013-ல் முடிவு வெளியானது. மூன்றில் மிக மங்கலானது தரும் நீல வெளிச்சம் பத்துப் பன்னிரண்டு லட்சம் சூரியன்களுக்கு ஈடு. அதன் ஹைட்ரஜனோ சுமார் 3 கோடி சூரியன்களின் எடை! வாயுவும் விண்மீன்களும் சேர்ந்த மொத்தத்தில் 1000-க்கு 997 பங்கு வாயு. அண்டத்துக்கு 1380 கோடி வயதான பின்னும் இந்தக் கேலக்ஸி சமையலையே தொடங்காததுபோல் இருக்கிறது. இதே வெறுவெளியில் உள்ள இன்னொரு குட்டிக் கேலக்ஸியில் ஆக்சிஜன் விகிதம் சூரியனில் இருப்பதில் சுமார் 35-ல் ஒரு பங்குதான். ஆக்சிஜன் விண்மீன்களுக்குள் உருவாகும் பொருள் என்பதால், அங்கே சில தலைமுறை விண்மீன்களே வாழ்ந்து முடிந்திருக்கின்றன என்று தெரிகிறது.

தேடும் வேலை பொறுமை கேட்பது. பல மணி நேரப் பதிவைக் கூட்டி வரைந்தால் திரையில் வெட்டாத புல்தரைபோல இரைச்சல் மட்டும் தெரியும். அதற்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் புல் சற்றே மேடிட்டிருந்தால் அதுவே கேலக்ஸி. சுழற்சி வேகமான பெரிய கேலக்ஸிகள் இரட்டைக் கொம்பு காட்டும். குட்டிகளுக்கு ஒற்றை மேடு. தூரம் கூடக் கூட மேடு குறைந்த அலைவெண்ணுக்கு நகரும். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை வானியலுக்கென்று உலகெங்கும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் 40 கோடி ஒளியாண்டு தூரத்து ஹைட்ரஜன் 1381 மெகாஹெர்ட்ஸில் வந்து விழும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் ஒரு சமிக்ஞையும் அதே இடத்தில்தான். அந்தத் தூரத்து மங்கல் கேலக்ஸிகளை அப்படித்தான் இழக்கிறோம். எனக்கு இது உண்மையான வருத்தம்.

வெறுவெளிகள் இப்படியே நிரம்பிவிடுமா என்றால், நிரம்பாது என்பதே என் கணிப்பு. கோட்பாட்டின்படி அங்கே குட்டிக் கேலக்ஸிகள் ஏராளமாக இருக்க வேண்டும், ஏன் காணோம் என்று 2001-ல் அண்டவியலாளர் ஜிம் பீபிள்ஸ் கேட்டார். அதற்குப் பிறகு அரேசிபோவின் 305 மீட்டர் தொலைநோக்கி 30,000-க்கு மேற்பட்ட ஹைட்ரஜன் மூலங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் விண்மீனே தென்படாதவை மிகச் சொற்பம். ஆதியில் பிறந்த விண்மீன்களின் புற ஊதாக் கதிர் அண்டம் முழுவதையும் சூடாக்கியபோது, மிகச் சிறிய கரும்பொருள் (dark matter) பொட்டலங்களால் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் போயிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆகவே தேடுவது பெருங்கூட்டத்தை அல்ல. பிடித்துவைத்துக்கொண்டு தப்பித்த சிலவற்றை.

கடைசியாக, வானத்தில் எங்கே என்ற கேள்வி. பிப்ரவரி பிற்பகுதியில் இரவு ஒன்பது மணிவாக்கில், உச்சிக்குச் சற்று வடக்கே புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களைக் காட்டுங்கள். அவற்றில் மேற்கே இருப்பது காஸ்டர். கையை முழுக்க நீட்டி நடுவிரல்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் வரும் அகலம் சுமார் 5 டிகிரி. காஸ்டரிலிருந்து அந்த அளவு வடக்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து போனால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத ஓரிடம் வரும். அந்த மூன்று கேலக்ஸிகளும் அங்கேதான் இருக்கின்றன.