கிர்கிஸ்தானுக்கு மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

தம்பி தங்கைகளே, பிஷ்கெக்கிலோ ஓஷிலோ இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லி வருகிறீர்கள். சந்தோஷம். விமானம் ஏறுவதற்குள் இவற்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. கல்லூரியை நீங்களே விசாரியுங்கள். ஏஜெண்ட் பேச்சு போதாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழிக் கல்வி, அதன்பின் 12 மாத இன்டர்ன்ஷிப், பட்டம் பெற்றவருக்கு அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி ஆகிய எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு செய்வது சிக்கல். பணம் கட்டுமுன் இவற்றைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

2. மொழியை இப்போதே தொடங்குங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது இதைத்தான். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் பாட்டி கிர்கிஸ் பேசுவார், இல்லையென்றால் ரஷ்யன் பேசுவார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேட்கத் தெரியாதவர் கட்டிலருகே நின்றும் பாதிதான் கற்பார். முதலில் சிரிலிக் எழுத்து. ரஷ்ய மொழிக்கு 33 எழுத்து, கிர்கிஸுக்கு இன்னும் மூன்று. ஆங்கிலப் 'பி' (P) போல இருப்பது அங்கே 'ர', 'எச்' போல இருப்பது 'ந' என்று பழகிவிட்டால் கடைப் பலகையும் மருந்துப் பெட்டியும் வாசிக்க வந்துவிடும். வயதில் மூத்த பெண்ணை 'எஜே' என்றும் ஆணை 'பைகே' என்றும் கூப்பிடுங்கள். நம் அக்கா, அண்ணன் போலத்தான். விடுதிக் காவலரின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

3. அங்கே பெரும்பாலோர் சுன்னி முஸ்லிம்கள், அரசு மதச்சார்பற்றது. சோவியத் ஆட்சியில் பல பத்தாண்டுகள் இருந்த நாடு. பிஷ்கெக் தெருவில் தலைமுக்காடும் குட்டைப் பாவாடையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். தெற்கே ஓஷ் இன்னும் பக்தியுள்ள ஊர்; உடையில் கொஞ்சம் கவனம் வேண்டும். ரமலானில் கடைகள் திறந்திருந்தாலும் நோன்பிருக்கும் வகுப்புத் தோழர் எதிரே டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். நோன்பு திறக்க அழைத்தால் கட்டாயம் போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். மேசையில் வட்ட ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், மீதியைக் குப்பையில் எறியாதீர்கள். ரொட்டிக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

நம் முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். நம் கடலோர ஊர்களில் பலர் ஷாஃபி வழி, அங்கே ஹனஃபி. தொழுகையில் சின்ன வேறுபாடுகள் கண்ணில் படும். அதை வைத்து வாதம் செய்யாதீர்கள்.

4. சாப்பாடு இறைச்சிமயம். ஆடு, மாடு, குதிரை எல்லாம் உண்டு. சைவக்காரர்கள் சூப்பைக்கூட கேட்டுத்தான் வாங்க வேண்டும். 'பெஸ் மியாசா' என்றால் ரஷ்யனில் இறைச்சி இல்லாமல். குக்கரும் மசாலாப் பொடியும் எடுத்துப் போங்கள், அரிசி அங்கேயே கிடைக்கும்.

5. குளிர்காலக் கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்குங்கள். பிஷ்கெக்கில் குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை கடுமை. ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

6. 2024 மே 17 இரவு பிஷ்கெக்கில் ஒரு கைகலப்பின் காணொளி பரவி, வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியது. இந்தியத் தூதரகம் மாணவர்களை உள்ளேயே இருக்கச் சொன்னது. அந்த ஓர் இரவை வைத்து அந்த மக்களை எடைபோடாதீர்கள். ஆனால் மறக்கவும் வேண்டாம். நள்ளிரவில் தெருவில் கூட்டமாகச் சத்தம் போட்டுத் திரியாதீர்கள். வாட்ஸ்அப் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தங்குமிடப் பதிவு காலாவதியாக விடாதீர்கள். பிஷ்கெக் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை உங்கள் போனில் மட்டுமல்ல, அம்மா அப்பா போனிலும் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள்.