கப்பல் புறப்படும் முன் ஒரு நாள்

கம்போங் ராஜா, கேமரன் மலையின் வடபகுதியில் உள்ள சிற்றூர். காய்கறித் தோட்டங்களும் புளூ வேலி தேயிலைத் தோட்டமும் இதன் அருகில் உள்ளன. இவ்வூரிலிருந்து பினாங்கு சென்று சொகுசுக் கப்பல் ஏற விரும்புவோர் முந்தின நாளே மலையிறங்கிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் சிம்பாங் பூலாய் சாலையில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததில் போகலாம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

இப்படிக் கையில் கிடைக்கும் ஒரு நாளை விடுதி அறையில் கழிக்க வேண்டியதில்லை. பினாங்குப் பாலத்தில் செல்லும்போதே ஊர் பார்க்கத் தொடங்கிவிடலாம். தீவை நோக்கிப் போகையில், இடப்பக்கம் காடு மூடிய சிறு தீவு ஒன்று தெரியும். அதுதான் ஜெரெஜாக் தீவு. தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளர்களை அம்மை, காலரா போன்ற நோய்களுக்கு அஞ்சி முதலில் அங்கேதான் தங்க வைத்தார்கள். இன்று சுற்றுப்பயணிகள் படம் எடுக்கும் ஜார்ஜ்டவுனை அவர்களுள் பலர் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். நோய்த்தடுப்பு முகாமிலிருந்து நேரே தோட்டத்துக்குப் போவதே அவர்களின் பயணமாக இருந்தது.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அங்கிருந்து நடந்தே கார்ன்வாலிஸ் கோட்டையைப் பார்க்கலாம். குவின் வீதியில், 1833இல் எழுப்பப்பட்ட மகா மாரியம்மன் கோவில் இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் தொலைவில் இல்லை. சூலியா வீதியில் உள்ள நாகூர் தர்காவைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். உருவில் சிறியதுதான், ஆனால், கடலின் மறுகரையை நினைவூட்டும் கட்டடம் அது. 2008இல் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமானது.

அந்த மறுகரை நாகப்பட்டினம். ரஜுலா, எம்.வி. சிதம்பரம் ஆகிய கப்பல்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்தன. நாகையில் கரையோரம் ஆழம் குறைவு. அதனால் பயணிகள் படகில் சென்று, கடலில் நிற்கும் கப்பலில் ஏறினார்கள். மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் ஆடும் படகிலிருந்து கப்பலில் ஏறுவது எளிதா என்ன? 1985இல் சிதம்பரம் கப்பல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றுபோனது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

கப்பல் நின்றாலும் நாகையில் பார்க்க வேண்டியவை குறையவில்லை. சற்று வடக்கே நாகூர் தர்கா. அதன் ஐந்து மினாராக்களுள் உயரமானது 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஊருக்குள் காயாரோகணேசுவரர் கோவில் உள்ளது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசர் இங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினார். கடாரம் என்பது இன்றைய கெடா. நாகையில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. மண்ணில் கிடைத்த வெண்கலப் புத்தர் சிலைகள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

2023இல் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. மலேசியாவிலிருந்து செல்வோர் திருச்சிக்கு விமானத்தில் போய், பிறகு தஞ்சாவூர் வழியாகச் சாலையில் நாகையை அடையலாம்.