தண்ணீர் வடிஞ்சாச்சு... அடுத்து என்ன செய்யணும்?

2015 டிசம்பரில் அடையாற்றங்கரை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் நிற்கிற வரை உதவிக்கு நாலு பேர் வருவார்கள். வடிந்த பிறகு சேறும் ஈரமுமாகக் கிடக்கிற வீட்டை நாம்தான் தூக்கி நிறுத்த வேண்டும். சீக்கிரம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்ற பதற்றத்தில்தான் பலருக்கும் பணம் வீணாகிறது.

தங்கச்சி, ஒரு வரிசையை மனதில் வைத்துக்கொள். முதலில் உயிர், அப்புறம் ஆதாரம், அப்புறம் காயவைப்பது, கடைசியில்தான் பூச்சும் பெயின்டும். இந்த வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு செய்வாய்.

உள்ளே கால் வைக்கும் முன்

* மெயின் ஸ்விட்ச்சை அணைக்கத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தால் அதைத் தொடவே தொடாதே. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் பேசி, வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்.

* மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பலரும் மறப்பது இதைத்தான். எலக்ட்ரீஷியனை வைத்து பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே ஈரச் சுவர்ப் பக்கம் போ.

* கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்ச்சையும் போடாதே. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் பேசு.

* ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் வெளியே காய்ந்த மாதிரி தெரியும்; உள்ளே காயிலில் ஈரம் இருக்கும். போட்டுப் பார்த்தால் புகைந்துவிடும். வயர்மேன் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து, மெகர் கருவியால் வயரிங்கையும் சாதனங்களையும் சோதித்த பிறகு ஒவ்வொன்றாகப் போடு. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் அதே கையோடு 30 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று போட்டுவிடச் சொல்.

* வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். ரப்பர் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் சேற்றில் இறங்காதே. அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல். எலிக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவும்.

துடைப்பத்துக்கு முன் செல்போன்

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடு. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம், நனைந்த சாதனங்களின் மாடல் எண், சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வை.

இன்ஷூரன்ஸ் இருந்தால் அன்றைக்கே தகவல் கொடு. சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த பொருட்களைத் தூக்கி எறியாதே. அழுகி நாறுகிற பொருளாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, நிறுவனத்திடம் சொல்லிவிட்டு அப்புறப்படுத்து. வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், வங்கி வழியாகவே பாலிசி போடப்பட்டிருக்கிறதா என்று கேள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளத்துக்கும், குழாய் வெடித்து வரும் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டு. வாடகை வீடென்றால் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். வருடக்கணக்காகக் கசிகிற ஓதத்துக்கு இழப்பீடு கிடைக்காது.

நனைந்த பத்திரங்களையும் சான்றிதழ்களையும் வலிந்து பிரிக்காதே. நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, தானாகப் பிரிய வருகிறபோது எடு. வீட்டுப் பத்திரம் கெட்டுப்போயிருந்தாலும் கலங்காதே. பதிவுத்துறையில் சான்று நகல் வாங்கிவிடலாம்.

பூஞ்சைக்கு நேரம் கொடுக்காதே

நனைந்த இடத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதனால் சேறு இறுகும் முன் அள்ளிக் கழுவு. சாக்கடைத் தண்ணீர் ஏறிய பஞ்சு மெத்தை, தலையணையைக் காப்பாற்றப் பார்க்காதே. பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து அரையடி தள்ளி வை. வெயில் அடித்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திற; வெளியே ஈரக்காற்றாக இருந்தால் மூடிவிட்டு ஏசியை டிரை மோடில் ஓடவிடு. பிளீச்சிங் பவுடரை டாய்லெட் ஆசிடோடு சேர்க்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

கீழ்நிலைத் தொட்டியில் வெள்ளம் கலந்திருந்தால், அந்தத் தண்ணீரையும் அடியிலுள்ள சேற்றையும் முழுவதும் வெளியேற்று. புதுத் தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்று. ஓர் இரவு விட்டு, அதையும் இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பு. தொட்டிக்குள் தனி ஆளை இறக்காதே. மூடிக் கிடந்த தொட்டியில் விஷவாயுவும் இருக்கலாம், மூச்சுக்குக் காற்றும் இல்லாமல் போகலாம். செப்டிக் டேங்கில் பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரி வைத்து உறிஞ்சச் சொல். நம் வீடு சுத்தமாவதற்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிர் போகக் கூடாது.

சுவர் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதே. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டு. மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. செங்கல் சுவர் காய மாதக்கணக்கில்கூட ஆகலாம். உப்புப் பூத்தால் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிடு. அதுவரை பெயின்டர் என்ன சொன்னாலும் பொறு.

ஆளைக் கூப்பிடும் முன் ஓட்டையைக் கண்டுபிடி

வெள்ளமே வராமல் சுவர் ஊறுகிறதென்றால் காரணம் வேறு. மழை பெய்தால் மட்டும் ஈரம் கூடினால் மொட்டை மாடியோ வெளிச்சுவர் விரிசலோ காரணமாக இருக்கும். வருடம் முழுக்க ஊறினால் குழாய் அல்லது பாத்ரூமைச் சந்தேகப்படு. தரையிலிருந்து கிளம்பி மூன்றடி உயரம் வரை மட்டும் ஊறினால் அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

பாத்ரூம் என்று சந்தேகமா? தண்ணீர் போகும் ஓட்டையைத் துணி வைத்து அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார். அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரரோடு சண்டை போடும் முன் இந்தச் சோதனையை இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்துவிடுங்கள்.

கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியவை

* "எங்கிருந்து கசிகிறது?" இதுதான் முதல் கேள்வி. பார்த்த அஞ்சாவது நிமிஷம் "கெமிக்கல் கோட்டிங் அடிச்சா சரியாயிடும்" என்பவரை அனுப்பிவிடு.

* மொட்டை மாடி என்றால் விரிசலை வெட்டித் திறந்து அடைப்பாரா, தண்ணீர் வடிகுழாய் நோக்கி ஓட வாட்டம் சரிசெய்வாரா, கைப்பிடிச் சுவர் சேரும் மூலையை எப்படி முடிப்பார், எத்தனை கோட் என்று கேள். வாட்டம் சரியில்லாத மாடியில் எந்தக் கோட்டிங்கும் நிலைக்காது.

* மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கு. சதுர அடிக் கணக்கு, பொருளின் பெயர், அளவு, கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். மிகக் குறைவான தொகை சொல்பவர் எதை விட்டுவிட்டார் என்று பார்.

* போன வாரம் முடித்த வேலையைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டிய வேலையைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் நேரில் பேசு.

* "பத்து வருஷம் கேரண்டி" என்பது வாய்ப்பேச்சாக இருந்தால் மதிப்பில்லை. பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கு.

* "சார் இல்லையா, அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்று மேஸ்திரி சொன்னால், "என்கிட்ட சொல்லுங்க" என்று நின்று கேள். வீட்டில் எந்த மூலை எப்போது ஊறுகிறது என்பது உனக்குத்தான் தெரியும்.

* மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதே. வேலை நகர நகரக் கொடு. பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதாகத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள். பாத்ரூம் வேலைக்கு மறுபடி தண்ணீர் தேக்கிப் பார். மொட்டை மாடிக்கு ஒரு நல்ல மழை அடிக்கட்டும். கூரை காய்ந்திருந்தால் மீதியைக் கையில் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பு. நல்ல வேலைக்காரரின் நம்பரை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடு.