ஈரம் முதலில், தீனி கடைசியில்

சிங்கப்பூரில் கோழிக்குக் குளிரா என்று சிரிப்பவர்கள், டிசம்பர் ஜனவரியில் விடாமல் மழை பிடிக்கும்போது ஒரு கூண்டுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வலுத்தால் வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். 1934 ஜனவரியில் 19.4 வரை போயிருக்கிறது. பனி கொட்டும் நாட்டிலேயே கோழி பிழைத்துக்கொள்கிறதே என்றால், உலர்ந்த இறகுக்கு 22 டிகிரி ஒன்றும் செய்யாதுதான். சாரலில் நனைந்த இறகில் காற்றும் அடித்தால்தான் ஆபத்து.

நான் இருப்பது ஃபேரர் பார்க்கில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில். அங்கே கோழி வளர்க்க அனுமதியில்லை. சிராங்கூன் கார்டன்ஸில் அக்காவின் தரைவீட்டுக் கொல்லையில்தான் வளர்க்கிறோம். அங்கேயும் பத்துக்கு மேல் கூடாது. மழை நாளில் அக்காவின் போன் வந்தாலே விஷயம் புரிந்துவிடும்: "தம்பி, சிவப்பி மூலையில போய் ஒடுங்கி நிக்குது. கஞ்சி குடுக்கவா?"

வேண்டாம். இறகை உப்பிக்கொண்டு கழுத்தை உள்ளிழுத்து நிற்கும் கோழியைக் கண்டதும் எல்லாருடைய கையும் தீனிக்குத்தான் போகிறது. குளிர்ந்த உடம்பில் இரைப்பை சரியாக இயங்காது. உள்ளே போனது அங்கேயே கிடந்து புளிக்கும். முதலில் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

அடுத்தது சூடு. தேக்கா மீன்கடைத் தெர்மோகோல் பெட்டி கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் தேறியதும் கோழி அதையே கொத்தித் தின்னத் தொடங்கும். பழக்கடை அட்டைப்பெட்டியே போதும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். மேலே காற்றுக்குத் திறந்திருக்கட்டும். கோழியின் உடல்சூடு ஏறக்குறைய 41 டிகிரி என்பதால் காலைத் தொட்டுப் பார்த்தாலே நிலைமை ஓரளவு தெரியும்.

கால் சூடான பிறகு, சிட்டிகை சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். அலகின் நுனியை நனைத்தால் தானே குடிக்கும். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதற்கப்புறம்தான் அக்காவின் கஞ்சி, அவித்த மஞ்சள் கருவைப் பிசைந்து. அம்மா ஊரில் மஞ்சள்தூளும் சேர்ப்பார். சேர்த்தால் கெடுதல் இல்லை, அதுவே மருந்து என்று நம்பி உட்காரக்கூடாது.

தேறுவதற்குள் உடம்பைத் தடவிப் பார்த்துவிடுங்கள். நெஞ்செலும்பு கத்தி முனையாகத் துருத்தினால் நோய் நேற்று வந்ததல்ல, மழை அதை வெளியே காட்டியிருக்கிறது. விடிகாலையிலும் இரைப்பை கல்லாக இருந்தால் அடைப்பு. பின்புறம் முட்டை தேங்கியிருக்கலாம். இறக்கைக்கடியில் பேன் இருக்கலாம். மூக்கு ஒழுகினாலோ மூச்சு கரகரத்தாலோ கோழியை வேறு அறைக்கு மாற்றுங்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கோழி பார்ப்பதில்லை. டாக்சி பிடிக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சையாகக் கழிவது, அடுத்தடுத்து இரண்டு மூன்று சாவது என்றால் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்துங்கள். ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். செத்ததை அறுக்காமல், குப்பையில் போடாமல், தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

தேறிய கோழியைப் பகலில் கூட்டில் விட்டால் மற்றவை கொத்தியே கிழித்துவிடும். இரண்டு நாள் வலைக்கு இந்தப்பக்கம், அவை பார்க்கும்படி வைத்திருந்து, பிறகு இருட்டியதும் பரணில் ஏற்றிவிடுங்கள்.